மாமனாரை நான் கார்பனாக்கிய கதை

புதிதாக வேலை கிடைத்தவனையும் புதிதாகக் கல்யாணம் நிச்சயமானவனையும் ஒரே வீட்டுக்குள் சேர்த்து விடக்கூடாது. ஒருவன் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பான். இன்னொருவன் அதைக் காட்டிக்கொள்ள இடம் தேடிக்கொண்டிருப்பான். அறுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு வாசலில் இந்த இருவரும் சேர்ந்தே செருப்பைக் கழற்றினார்கள். இருவரும் நான்தான்.

அப்போது நான் ஒரு கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். (பேராசிரியர் பாடம் நடத்துவார், பையன்கள் குடுவையை உடைப்பார்கள், கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குவது நான். இதற்குத்தான் அந்தப் பெரிய பெயர்.) சம்பளம் வெளியில் சொல்லும்படி இல்லை. ஆனாலும் டெரிலின் சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருப்பேன். தெருவில் உப்பு வண்டி போனால், "சோடியம் குளோரைடு போகுது" என்று அம்மாவிடம் அறிவிப்பேன். "பேரு வச்சது போதும், போய் ரெண்டு படி வாங்கிட்டு வா" என்பாள் அம்மா. அந்த வீட்டில் என் படிப்புக்கு அவ்வளவுதான் மரியாதை. அதனால் மாமனார் வீட்டு மரியாதையைப் பெரிதும் நம்பியிருந்தேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனையில் போதகர் எழுந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்கு ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்று சபையைப் பார்த்துக் கேட்பார். கேட்டுவிட்டுச் சற்று நேரம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் சபையே மூச்சை அடக்கிக்கொள்ளும். யாரும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் இந்தத் தடவையாவது யாராவது எழுந்தால் நன்றாக இருக்குமே என்று பின் பெஞ்சில் ஒரு நப்பாசை எப்போதும் உண்டு. எனக்கும் கிரேஸுக்கும் இரண்டு ஓலை முடிந்திருந்தது. இருவர் குடும்பமும் ஒரே சபை என்பதால் ஒரே சர்ச்சில் வாசித்தால் போதும். மறுநாள் மூன்றாவது ஓலை. அதுவும் தாண்டிவிட்டால் கிரேஸ் எனக்கு உறுதி.

அன்று கிரேஸ் வீட்டில் கல்யாண ஏற்பாடு பேச எல்லாரும் கூடியிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டது அதற்கு அல்ல. கிரேஸின் தங்கை ஷீலா பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவளுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பரீட்சை. ஆல்கஹால்களை வகைப்படுத்து என்று ஒரு கேள்வி வருஷம் தவறாமல் வரும். அது மட்டும் அவளுக்கு மண்டையில் ஏறவில்லை. "மாப்பிள்ளை கெமிஸ்ட்ரிதானே, வந்து ஒரு பத்து நிமிஷம் சொல்லிக்குடுக்கட்டும்" என்று ஆளனுப்பியிருந்தார் மாமனார்.

மாமனார் ரயில்வேயில் ஆபீஸ் சூப்பிரண்டு. சபைக் கமிட்டியில் இருந்தார். சிரித்தால் பதவி போய்விடும் என்பது போன்ற முகம். (எனக்கு அவரைக் கண்டால் பயம் என்று எழுதினால் அது அடக்கம். நடுக்கம் என்பதே உண்மை.) கூடத்தில் அவரோடு மாமியார் இருந்தார். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்த மாமனாரின் தம்பி இருந்தார். எல்லாரும் அவரைக் கூடுவாஞ்சேரி சித்தப்பா என்பார்கள். வந்ததிலிருந்து அவர் கண் கடிகாரத்தின்மேல்தான். ரயிலைத் தவறவிடுவதைவிடப் பெரிய பாவம் அவருக்குத் தெரியாது.

வெளியே வராந்தாவில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிரம்பு நாற்காலியில் ஒருவர் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர்தான் பல்லாவரம் மாமா. மாமியாரின் தம்பி, கிரேஸுக்குத் தாய்மாமன். ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவருடைய மனைவி, பல்லாவரம் அத்தை, சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பல்லாவரம் மாமாவும் மாமனாரும் பேசிக்கொள்ளாமல் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காரணம் கேட்டால் வெளியாட்களுக்குச் சிரிப்பு வரும். வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு கிறிஸ்துமஸ் சமயம். மாமா தலைமையில், கூடுவாஞ்சேரி சித்தப்பாவும் சேர்ந்த கேரல் கோஷ்டி வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்தது. மாமனார் வீட்டில் கேக்கும் முறுக்குமாகத் தட்டுகளை அடுக்கிவைத்துக் காத்திருந்தார்கள். கோஷ்டி அந்த வீட்டில் மட்டும் நிற்காமல், பாடாமல், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. 'வேணும்னே அவமானப்படுத்திட்டான்' என்றார் மாமனார். 'வாசல் லைட்டை அணைச்சு எங்களை அவமானப்படுத்தினதே அவருதான்' என்றார் மாமா. அன்று முடிந்தது பேச்சு. தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்காது என்பதால் அவர் வந்திருந்தார். மாமனார் சுவரைப் பார்த்து, "அவரைக் காபி சாப்பிடச் சொல்லு" என்பார். மாமா தெருவைப் பார்த்து, "ஆச்சுன்னு சொல்லு" என்பார். நடுவில் மாமியார் தந்திக் கம்பி.

ஷீலா புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி. மூணும் ஒரே குழப்பம் அத்தான். மூணு கார்பன் இருந்தா டெர்ஷியரிதானே?"

"இல்லவே இல்ல" என்றேன், குரலைச் சற்று உயர்த்தி. மாமனார் காதில் விழ வேண்டுமே. "மொத்தம் எத்தனை கார்பன்னு எண்ணாதே. ஓ.எச்., அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டின ஜோடி, எந்தக் கார்பன்மேல உக்காந்திருக்கு, அதை மட்டும் பாரு. அந்தக் கார்பன் வேற எத்தனை கார்பனோட நேரடியா சேர்ந்திருக்கு? ஒண்ணுன்னா பிரைமரி ஆல்கஹால். ரெண்டுன்னா செகண்டரி ஆல்கஹால். மூணுன்னா டெர்ஷியரி ஆல்கஹால்!"

மாமியார் எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சபைக் கமிட்டிக்காரர் வீட்டிலிருந்து வருங்கால மருமகன் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தினால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்?

ஷீலாவுக்கு நான் சொன்னது பாதி புரிந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பாடமே அவ்வளவுதான். ஒரு தாளில் நாலு கோடு இழுத்துக் காட்டியிருந்தால் மீதியும் புரிந்திருக்கும். காபியைக் குடித்துவிட்டு நல்ல பிள்ளையாக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் கூடத்தில் அத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் கல்லூரியில் பையன்களைக் கைகோத்து நிற்கவைத்து மூலக்கூறு செய்து காட்டியிருந்தேன். பேராசிரியர், "நாட் பேட்" என்றிருந்தார். அந்த இரண்டு வார்த்தை என்னை அழித்தது.

"ஷீலா, இப்ப பாரு. மனுஷங்களை வச்சே காட்டறேன். மாமா, கொஞ்சம் எழுந்து நடுவுல நிக்கறீங்களா? நீங்கதான் கார்பன்."

"நான் என்ன?" என்றார் மாமனார்.

"கார்பன், மாமா. ரொம்ப முக்கியமானது. அது இல்லாம உலகத்துல உயிரே கிடையாது."

அந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். கிரேஸை ஓ.எச். ஆக்கி, அவர் தோளில் கைவைக்கச் சொன்னேன். பள்ளிக்கூட டீச்சரான அவளுக்குப் பாடம் நடத்துகிறவர்களைக் கண்டால் ஒரு சந்தேகம். ("இவ்வளவு தேவையா?" என்று கண்ணால் கேட்டாள். எனக்குக் கண் பாஷை அப்போது தெரியாது.) கூடுவாஞ்சேரி சித்தப்பாவை இரண்டாவது கார்பனாக்கி, அண்ணன் கையைப் பிடிக்கச் சொன்னேன். ஹைட்ரஜன்களுக்கு ஆள் போதாது. அவற்றை மனசில் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"நடுக் கார்பனுக்குப் பக்கத்துல ஒரே ஒரு கார்பன். இதுதான் பிரைமரி. இதுல நாம அமிலத்தைச் சேர்க்கறோம். சாதாரண அமிலம் இல்ல, துத்தநாகக் குளோரைடு கலந்த அடர் ஹைட்ரோகுளோரிக். அத்தை, கொஞ்சம் இப்படி வாங்க. நீங்கதான் அமிலம்."

பல்லாவரம் அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் வேணாம். பக்கத்துல நில்லுங்க, போதும். பாரு ஷீலா, பிரைமரில ஒண்ணும் நடக்காது. சோதனைக் குழாய் தெளிவா அப்படியே இருக்கும்."

ஒன்றும் நடக்கவில்லை. அத்தை, "அவ்வளவுதானா? அடுப்புல உலை இருக்கு" என்றார்.

அடுத்தது செகண்டரி. மாமியாரை அழைத்து, மாமனாரின் இன்னொரு கையைப் பிடிக்கச் சொன்னேன். அவர் முகம் குங்குமமாகிவிட்டது. "ஐயோ, எல்லார் முன்னாடியுமா?" என்றார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகியும் அந்த அம்மாள் புருஷன் கையைப் பிறர் பார்க்கப் பிடித்ததில்லை. கடைசியில் அவருடைய சட்டை நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். கெமிஸ்ட்ரிக்கு அது போதும்.

"இப்ப ரெண்டு கார்பன். இது செகண்டரி. அமிலத்தைச் சேர்த்துட்டு ஓர் அஞ்சு நிமிஷம் காத்திருந்தா லேசாக் கலங்கும்."

"அண்ணிக்கு வெக்கத்தைப் பாரேன்" என்றார் அத்தை. சும்மா சொன்னதுதான். ஆனால் நிற்க நிற்க மாமனாருக்குக் கால் கடுத்தது. சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "அந்தக் கடிகாரத்தையே முறைக்கிறியே, வந்த வீட்டுல நிம்மதியா உக்கார மாட்டியா?" என்று மாமனார் அதட்டினார். "உங்களுக்கென்ன, வீடு இங்கயே" என்று சித்தப்பா முணுமுணுத்தார். நான் மகிழ்ந்துபோனேன். சொன்னபடியே கலங்குகிறதே! என் திறமையே திறமை.

மூன்றாவது கார்பனுக்கு வீட்டில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். நான் வராந்தாப் பக்கம் திரும்பினேன்.

"வேணாம்" என்றாள் கிரேஸ், மெதுவாக. "சொன்னா கேளுங்க. புத்தகத்துல படம் இருக்கு, அதைக் காட்டுங்க."

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெர்ஷியரி இல்லாமல் பாடம் முடியாது என்பது வெளியில் சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷச் சண்டையை ஒரு சாயங்காலத்தில் தீர்த்துவைத்த மாப்பிள்ளை என்று தாம்பரம் முழுக்கப் பேசுவார்கள். அதுவும் கெமிஸ்ட்ரியால்! சண்டையின் காரணகர்த்தாக்களுக்கும் போதகருக்கும் முடியாதது எனக்கு முடியும். டெமான்ஸ்ட்ரேட்டர் அல்லவா.

பல்லாவரம் மாமாவிடம் போய், பிள்ளையின் பரீட்சை, ஒரு நிமிஷம், கையைப் பிடித்தால் போதும் என்று கெஞ்சினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அக்கா மகளின் படிப்பு என்றதும் எழுந்தார். நடையே அணிவகுப்புதான். உள்ளே வந்து, மாமனாரின் முகத்தைப் பார்க்காமல், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த வேதவசனக் காலண்டரைப் பார்த்தபடி, கையை நீட்டினார். மாமனார் ஜன்னலைப் பார்த்தபடி கையைக் கொடுத்தார்.

மாமியார் கண் கலங்கிவிட்டார்.

"பார்த்தியா ஷீலா" என்றேன் தழுதழுத்த குரலில். "நடுக் கார்பன். மூணு பக்கமும் கார்பன். நாலாவது பக்கம் ஓ.எச். டெர்ஷியரி! இதுல அமிலம் பட்டா..."

மாமனார் முகம் கோணியது. டிரில் மாஸ்டர் கைப்பிடி அப்படிப்பட்டது. மாமனாரும் விடுகிறவர் இல்லை. அவரும் பதிலுக்கு அழுத்தினார். இருவரும் ஜன்னலையும் காலண்டரையும் பார்த்தபடியே ஒருவர் விரலை ஒருவர் நசுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பல்லாவரம் அத்தை வாயைத் திறந்தார்.

"இப்ப நீட்டற கை, அன்னிக்கு வாசல் லைட் சுவிட்சைப் போட்டிருந்தா ஆகாதா?"

புத்தகத்தில் எழுதியிருப்பது சரிதான். டெர்ஷியரி ஆல்கஹாலில் இந்த அமிலம் பட்டதும் கலங்கிவிடும். ஒரு நொடிகூடக் காத்திருக்க வேண்டாம்.

"மச்சான், கையை விடு!" என்று கத்தினார் மாமனார். ஒன்பது வருஷத்தில் நேராகப் பேசிய முதல் வார்த்தை. "லைட்டை யாரு அணைச்சது? ஃபியூஸ் போச்சுய்யா! இருட்டுல முறுக்குத் தட்டோட உக்காந்திருந்தோம். தெருவோட போனது நீ!"

"நீங்க தூங்கிட்டீங்க, எழுப்ப வேணாம்னு சொல்லியனுப்பினா நான் என்ன வாசல்ல நின்னு தாலாட்டா பாடுவேன்?"

"நான் சொல்லியனுப்பினேனா? யாருகிட்ட?"

இருவர் தலையும் ஒரே சமயத்தில் இரண்டாவது கார்பன் பக்கம் திரும்பின. கூடுவாஞ்சேரி சித்தப்பா கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. அண்ணன் பிடி இறுகிவிட்டது.

"அன்னிக்கு நான் கடைசி வண்டியைப் பிடிக்கணும்ணா" என்றார் சித்தப்பா ஈனஸ்வரத்தில். "உங்க வீட்டுல நுழைஞ்சா கேக், டீ, ஜெபம்னு ஒரு மணி நேரம் ஆவும். அதான் இவர்கிட்ட நீங்க தூங்கறீங்கன்னு... அப்புறம் உங்ககிட்ட இவரு நிக்கலைன்னு..."

"உள்ள வாடி நீ" என்றார் அத்தை. "ஆம்பளைங்க சண்டையில தோளைப் பிடிச்சுக்கிட்டு உனக்கென்ன வேலை?" கிரேஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

"அத்தான்!" என்று துள்ளினாள் ஷீலா. "அமிலம் வந்து ஓ.எச்.சைப் பிடிச்சுது, ரெண்டும் சேர்ந்து தண்ணியாக் கழண்டு போயிடுச்சு! எனக்கு இப்ப சூப்பராப் புரியுது!"

பாடம் புரிந்த ஒரே ஜீவன் அவள்தான். மற்ற யாரும் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் சமாதானம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். உண்மை வெளியே வந்தாயிற்று, சண்டைக்குக் காரணமே இல்லை, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் நான் மனிதர்களைப் படிக்கவில்லை என்பது தெரிந்தது. ஒன்பது வருஷம் பாதுகாத்து வளர்த்த கோபம் ஒரு கூடுவாஞ்சேரி ரயிலுக்காக வீணாகிப்போனது என்று எந்தக் கௌரவஸ்தன் ஒப்புவான்? கோபத்தை எங்கேயாவது இறக்கிவைத்தாக வேண்டும். சித்தப்பா அதற்குள் குடையை எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு ஓடிவிட்டார். மிச்சம் நான்.

"இங்க யாரு எல்லாரையும் கை கோக்கச் சொன்னது?" என்றார் மாமனார்.

"படிச்சவன்னு சொன்னீங்களே அக்கா" என்றார் பல்லாவரம் மாமா, மாமியாரிடம். "பெரியவங்களை நிக்க வச்சு பொம்மலாட்டம் காட்டறான். மூளை சரியா இருக்கான்னு விசாரிச்சீங்களா? நாளைக்குப் போதகர் கேப்பாரில்ல, ஆட்சேபணை இருக்கான்னு? நான் எழுந்து நிக்கிறேன். பார்த்துக்கிட்டே இருங்க."

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

செருப்பை மாட்டும்போது கிரேஸ் வாசலுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நாளைக்குச் சர்ச்சுக்கு வாங்க. பெஞ்சுல உக்காருங்க. எது நடந்தாலும் வாயைத் திறக்காதீங்க, எழுந்திருக்காதீங்க. இந்த ஒண்ணையாவது செய்வீங்களா?"

செய்வேன் என்றேன். தெருவில் நின்றிருந்த ரிக்‌ஷாக்காரர், "இன்னா சார், உள்ள ஒரே பேஜாரா கீது?" என்று விசாரித்தார். வண்டியில் ஏறாமல் நடந்தே போனேன்.

மறுநாள் காலை. டெரிலின் சட்டை வேர்வையை உறிஞ்சாது என்பதை அன்றுதான் பூரணமாக உணர்ந்தேன். சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம். பல்லாவரம் மாமா எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால், ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய பிடரியைத் தவிர அந்த ஆராதனையில் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. பாட்டுப் பாடினார்கள். வேதம் வாசித்தார்கள். பிரசங்கம் எதைப் பற்றி என்று அன்றைக்கே கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. கிரேஸ் போய்விட்டால் என்ன செய்வேன் என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. அதுவரை அவளை எனக்கு நிச்சயித்த பெண் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் இல்லாமல் போகலாம் என்ற நினைப்பு வந்த பிறகுதான், அவளை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது தெரிந்தது.

போதகர் தாளை எடுத்தார். எங்கள் பெயர்களை வாசித்தார். இது மூன்றாவதும் கடைசியுமான அறிவிப்பு என்றார். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சொல்லி, கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்து நிறுத்தினார்.

பல்லாவரம் மாமாவின் இரண்டு கையும் முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தன. தோள் உயர்ந்தது. எழுந்தேவிட்டார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. அவர் பேசுவதற்குள் தடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. கால் தானாக நிமிர்ந்தது. கை தானாக மேலே போனது. சர்ச்சின் நடுவில், பட்டப்பகலில், கையை உயர்த்திக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

பல்லாவரம் மாமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அமைதியாகப் பெஞ்சை விட்டு வெளியே வந்து, பின்னால் நடந்து, அங்கே ஆணியில் தொங்கிய காணிக்கைப் பையை எடுத்தார். அந்த ஞாயிறு காணிக்கை எடுக்கும் முறை அவருடையது. ஓலை முடிந்ததும் காணிக்கைப் பாட்டு. அதற்காகத்தான் எழுந்திருக்கிறார். பையோடு திரும்பியவர் என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

சபை முழுவதும் என்னைப் பார்த்தது. பின் பெஞ்சுக்காரர்கள் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த காட்சி. நன்றாகப் பார்ப்பதற்காகச் சிலர் எழுந்தே நின்றார்கள்.

போதகர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கதானே மாப்பிள்ளை?"

"ஆமாங்க ஐயா."

"உங்களுக்கா ஆட்சேபணை?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. எந்த மடையனுக்கும் வரும். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையையாவது கீழே இறக்கியிருக்கலாம், அதுவும் தோன்றவில்லை. முன்வரிசையில் மாமனாரின் காது சிவந்துகொண்டிருந்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பெற்ற பாவத்துக்கு.

அப்போது பெண்கள் பக்கம் பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது. கிரேஸ் எழுந்து நின்றாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில், நிதானமாக, கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னாள்.

"அவருக்கு இருந்தா இருந்துட்டுப் போகட்டும் ஐயா. எனக்கு இல்ல. நீங்க முடிங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

முதலில் சிரித்தது பல்லாவரம் மாமா. டிரில் மாஸ்டர் சிரிப்பு, கூரை ஓடுவரை போயிற்று. காணிக்கைப் பை குலுங்கியது. அடுத்து, பதவி போனாலும் போகட்டும் என்று மாமனார் சிரித்தார். போதகர் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் தோள் ஆடியது. சிரிப்பினூடே மாமாவும் மாமனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். உடனே இருவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். (பழக்க தோஷம்.) ஆனால் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் இருவரும் சேர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சந்தோஷமாகப் பக்கத்தில் போனேன். பேச்சு நின்றுவிட்டது. என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு சாகும்வரை அவர்கள் பேசிக்கொண்டார்கள். பேசுவதற்கு விஷயம் நான் மட்டும்தான். கிறிஸ்துமஸுக்கு என்ன சட்டை போட்டேன், ஸ்கூட்டரை எப்படித் தள்ளிக்கொண்டு வந்தேன், இந்த வாரம் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று ஒருவருக்கொருவர் தகவல் சொல்லி மகிழ்ந்தார்கள். 'நிஜமாகவே எழுந்து ஆட்சேபிக்கிறதா இருந்தீங்களா மாமா?' என்று பிற்பாடு ஒரு நாள் பல்லாவரம் மாமாவைக் கேட்டேன். "நீயே அந்த வேலையைப் பார்த்துக்குவேன்னு எனக்கென்ன தெரியும்?" என்றார். ஷீலா அந்தப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாள். அந்தக் கேள்விக்கு மட்டும் விடை எழுதும்போது சிரிப்பை அடக்க முடியாமல், மேற்பார்வைக்கு நின்ற அம்மாளிடம் திட்டும் வாங்கினாளாம்.

எனக்குத்தான் அந்த ஞாயிறு முடியவே இல்லை. இந்த ஐம்பது வருஷத்துக்கு மேலான சம்சாரத்தில் நான் எதற்கு மறுப்புச் சொன்னாலும், அது சுவருக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டாக இருக்கட்டும், மூன்றாவது நாளும் தொடரும் மீன் குழம்பாக இருக்கட்டும், கிரேஸ் கையிலிருக்கிற வேலையை நிறுத்தாமல், "எழுந்து நின்னு சொல்லுங்க" என்பாள். பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நான் எழுந்து நின்று சொன்ன சந்தர்ப்பங்களும் உண்டு. பலன் ஒன்றே.

இப்போது எங்கள் சர்ச்சில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம். யாருடைய ஓலை வாசித்தாலும், போதகர் அந்தக் கேள்வியைக் கேட்டு நிறுத்துகிற நேரத்தில், கிரேஸின் கை வந்து என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். போன மாதம் புதிதாக மாற்றலாகி வந்த இளம் போதகர் முதன்முதலாக ஓர் ஓலை வாசித்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். கேட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் அடுத்த தாளை எடுத்தார்.